வடைக்கடைக்குப் போன பத்திரிகைகள்

போடி நூலகத்தில் வீரணன் கதவு திறப்பார், மேசை துடைப்பார், வாய்விட்டுப் படிப்பவர்களை அதட்டுவார். தூசி தட்டத்தான் புத்தகங்களைத் தொடுவார். ஒன்றையும் பிரித்துப் படித்ததில்லை.

நெருக்கடி நிலைக் காலத்தில் ஓர் அதிகாரி வந்து, அரசாங்கத்தைக் குறை சொல்லும் பழைய பத்திரிகைகளைக் கழித்துவிடச் சொன்னார். வீரணனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அலமாரியில் இடம் கிடைத்தது என்று பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டார். கடைக்காரர் அவற்றை ஜீப்புகள் நிற்குமிடத்து வடைக்கடைக்கு விற்றார்.

மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் காலையில் அங்கேதான் வடை வாங்குவார்கள். போடிமெட்டு ஏறும்வரை ஜீப்பில் வேறு சோலி கிடையாது. எழுத்துக் கூட்டத் தெரிந்த அன்னக்கொடி எண்ணெய்த் தாளைப் பிரித்துச் சத்தமாகப் படிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அரைத் தாளோடு நூலகத்துக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, கூலி கேட்ட தோட்டத்து ஆளுகளப் போலீசு புடிச்சுட்டுப் போச்சுன்னு போட்டிருக்கு. பெறகு விட்டாகளா இல்லையா? மிச்சத்தக் கொண்டாங்க."

"அதெல்லாம் கழிச்சாச்சு ஆத்தா."

"படிச்சுப் பாத்தா கழிச்சீக?"

வீரணன் தாளை வாங்கி நின்றபடியே படித்தார். அவருக்கும் மிச்சம் வேண்டியிருந்தது.

அடுத்த மாதம் இன்னொரு கட்டைக் கழிக்கச் சொன்னார்கள். மறுபேச்சில்லாமல் சுமந்துபோனவர், பழைய பேப்பர் கடையைத் தாண்டி நேரே வடைக்கடையில் இறக்கினார்.

"காசு வேண்டாம் மாப்ளே. பக்கம் மாறாமக் கிழிச்சு, வரிசையா ஒரே ஜீப்புக்குக் குடு."