என் காலடி மண்

பெரியப்பா மகளுக்குக் கடலூரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தபோது எனக்கு ஒன்பது வயது. அதுவரை வீட்டில் நான்தான் செல்லம். கடிதம் வந்த நாளிலிருந்து என்னை ஏனென்று கேட்க ஆளில்லை. தியாகதுருகம் கடைத்தெருவில் அக்காவுக்குப் பச்சைத் தகரப்பெட்டி வாங்கினார்கள். பூட்டும் சாவியும் வைத்த பெட்டி. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. அவள் போகிற பஸ் வரவே கூடாது என்று மாரியாத்தாவிடம் ரகசியமாக வேண்டிக்கொண்டேன்.

ஆத்தா உடனே காது கொடுத்துவிட்டாள். இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் நின்றுபோனது. வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் அக்காவின் இடம் பட்டியலில் அடுத்திருப்பவளுக்குப் போய்விடும். அந்த அடுத்தவள் எதிர்வீட்டு அத்தையின் மகள். இருவரும் ஒன்றாகப் படித்து, ஒரே நாளில் விண்ணப்பம் போட்டவர்கள்.

பெரியம்மாவுக்குச் சந்தேகமே இல்லை.

"எல்லாம் எதுத்த வூட்டுக்காரி கண்ணுதான். பொட்டியப் பாத்துக்கினு எப்டிப் பெருமூச்சு வுட்டா தெரியுமா?"

திருஷ்டி கழிக்க உப்பும் மிளகாயும் மட்டும் போதாது, கண் வைத்தவரின் காலடி மண்ணும் வேண்டும். யாருக்கும் தெரியாமல் அள்ளி வர என்னை அனுப்பினாள்.

அத்தை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "இன்னாடி, ஒங்க அக்கா போறதுக்கு வழி எதுனா கெடச்சுதா?" என்று கேட்டாள். கண் வைத்தது யாரென்று எனக்குத்தானே தெரியும்? தெருமுனைக்கு ஓடி, என் குதிகால் பதிந்த மண்ணையே ஒரு பிடி அள்ளிக்கொண்டு போய்ப் பெரியம்மாவிடம் கொடுத்தேன்.

பெரியம்மா எல்லாவற்றையும் அக்காவின் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடியே வரவில்லை. ஒருவரும் தும்மவில்லை. கண் பலமாகப் பட்டிருக்கிறது என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அந்த மிளகாய் போன வருஷத்துச் சரக்கு என்று எனக்கு யார் சொல்வது! நான் தேம்பித் தேம்பி அழுதேன். அக்காவைப் பிரிகிற ஏக்கம் என்று எல்லோரும் என்னை மெச்சினார்கள்.

வண்டிப்பாதை வழியாகவே சைக்கிளில் விருத்தாசலம் போய் ரயில் பிடிப்பதென்று பெரியப்பா முடிவு செய்தார். ஆனால் எங்களிடம் சைக்கிள் இல்லை. வியாழக்கிழமை காலை, யாரிடம் கேட்பது என்று அவர் வாசலில் யோசித்துக்கொண்டு நின்றபோது, எதிர்வீட்டு அத்தை தன் வீட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"இத்த எடுத்துக்கினு போங்கண்ணே."

பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா அத்தையின் காலில் விழுந்தாள். அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்து, கோயில் விபூதியை அவள் நெற்றியில் பூசினாள். அதில் பாதி அக்காவின் மூக்கில் கொட்டியது.

"நல்லபடியா போய்ச் சேருடி கண்ணு. நம்ம தெருவுக்கே மொத நர்ஸம்மா நீதான்."

அத்தையின் மகள் தங்கள் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அக்கா நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அத்தைக்குப் பொறாமை என்பதே கிடையாது, அதனால்தான் அவளால் வாயார வாழ்த்த முடிந்தது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் கொடுத்த அன்று பகல் முழுக்க அவள் வீட்டுக் கதவு ஏன் சாத்தியே கிடந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.