பூடுச்சு

எட்டாவது மாதத்திலேயே அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். குழந்தை தங்குமோ தங்காதோ என்று பெரியவர்கள் மூலைக்கு மூலை குசுகுசுத்தார்கள். என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. வார்டுக்குள் சின்னப் பிள்ளைகளை விடமாட்டார்கள். பெங்களூர் தொம்மலூர் வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ளவும் ஆளில்லை. அதனால் வைட்ஃபீல்டில் கம்பெனி கேப் ஓட்டிய மாமா, அதாவது அம்மாவின் தம்பி, லீவு போட்டு என்னைப் பன்னேர்கட்டா காட்டுக்கு அழைத்துப் போனார்.

“டென்ட்டுல படுக்கலாம், காலையில நடந்துபோயி யானை பாக்கலாம். வரியா?” என்றார். கேட்க வேண்டுமா என்ன? செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன்.

டென்ட் நன்றாகத்தான் இருந்தது. மாமாதான் சரியில்லை. எப்போதும் என் பின்னலை இழுத்து வம்பு பண்ணுகிற மனிதர், போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரம் மரமாக அலைந்தார். யானையைத் தேட வந்த இடத்தில் இவர் டவரைத் தேடுகிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

காலையில் கன்னடம் பேசும் ஃபாரஸ்ட் கார்டு ஒருவர் எங்களை மேட்டுப் பாதையில் நடத்திக் கூட்டிப்போனார். வழியில் ஈரம் காயாத யானை லத்தி கிடந்தது. சத்தம் போடாதே என்று கார்டு சைகை காட்டினார். புதருக்குள் மூங்கில் மடமடவென்று முறிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்தா மாமாவுக்கு சிக்னல் வந்து தொலைய வேண்டும்? போன் அலறியது.

அப்பாதான். “சொல்லு மச்சான்” என்ற மாமா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். பிறகு, “பூடுச்சா?” என்றார்.

மூங்கில் சத்தமும் நின்றுபோயிருந்தது. “பூடுச்சா மாமா?” என்று நானும் கேட்டேன்.

“பூடுச்சு கண்ணு” என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நம் பேச்சில் யானைக்கும் குழந்தைக்கும் ஒரே ‘பூடுச்சு’தான். நானும் ஓவென்று அழுதேன். கார்டு பாவம், என் தலையைத் தடவி, “அளபேடா மகூ, இன்னொந்து பருத்தே” என்றார். அழாதே, இன்னொன்று வரும். அதைக் கேட்டு மாமா இன்னும் அழுதார். ஒரு யானைக்குப் போய் இப்படி அழுகிறாரே, எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

சில நாளில் அம்மா வீட்டுக்கு வந்தாள். பாப்பா எங்கே என்று கேட்டதற்கு, அப்புறம் சொல்கிறேன் என்று அப்பா எழுந்து போய்விட்டார். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து காட்டுக் கதை முழுக்கச் சொன்னேன். அவள் தோள் குலுங்கியது.

“அழுவாதம்மா. பூடுச்சுன்னா என்னா, இன்னொண்ணு வரும்னு அந்த ஆளு சொன்னாரு.”

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். “நீ அத பாத்தியாடி?”

“இல்லம்மா. சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.”

“எனக்கு சத்தங்கூட கேக்கலடி” என்றாள்.

காட்டுக்கே வராத அம்மாவுக்கு எப்படிக் கேட்கும்? எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டேன்.