அழித்த ஆமைத் தடம்

பூம்பாறையில் எங்கள் பூண்டுக் காட்டுக்குப் பன்றி வரும். விடிந்ததும் தடம் பார்ப்பது என் வேலை. எந்தப் பக்கம் வந்தது, எத்தனை வந்தது என்று மண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பள்ளிக்கூடம் இரண்டு வருஷம்தான் போனேன். எனக்குத் தெரிந்தது மண்தான்.

புருஷன் இறந்த பிறகு நாயுடுபுரத்தில் ஒரு டீச்சரம்மா வீட்டில் சமையலுக்குச் சேர்ந்தேன். வெள்ளைக்கார அம்மா, தனி ஆள். குளிர்கால லீவுக்கு அவர் கீழே இறங்கிக் கடற்கரைக்குப் போவார். என்னையும் கூட்டிப்போவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு வாக்கில் போனதுதான் அவருக்குக் கடைசி லீவு. வெயில் காலம் வந்ததும் சொந்த தேசத்துக்குக் கப்பல் ஏற வேண்டும்.

தினம் காலையில் நடப்போம். உள்ளான் குருவிகள் அலை வந்தால் ஓடும், அலை போனால் திரும்ப ஓடும். நண்டு கண்ணை நீட்டிப் பார்த்துவிட்டு வளைக்குள் போய்விடும். டீச்சரம்மா எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவார். ஆமை முட்டை மட்டும் அவர் பார்த்ததில்லை. எத்தனையோ லீவு வந்தும் பார்க்கவில்லை.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் அவருக்குக் காய்ச்சல். நான் மட்டும் போனேன். தண்ணீரிலிருந்து மேட்டுப் பக்கம் ஒரு தடம் ஏறியிருந்தது. பூண்டு மூட்டையை இழுத்துக்கொண்டு போன மாதிரி அகலம். இரண்டு பக்கமும் துடுப்புப் போட்ட மாதிரி கீறல். மேலே மணல் கலைந்து கிடந்தது. அங்கிருந்து இன்னொரு தடம் கடலுக்குத் திரும்பியிருந்தது. டீச்சரம்மாவின் புத்தகத்தில் இதே படம் உண்டு.

மீன்பிடிக்கிறவர்கள் பார்த்தால் தோண்டிவிடுவார்கள். மலையில் காளான் பூத்த இடம் கண்டால், வந்த தடத்தைச் சருகு போட்டு மூடிவிட்டு வருவோம். அதே மாதிரி ஒரு பனை ஓலையை எடுத்து இரண்டு தடத்தையும் பெருக்கி அழித்தேன். அடையாளத்துக்கு இடுப்பு உயரத்தில் ஒரு மணல் மேடு இருந்தது. அதிலிருந்து தெற்கே பத்து எட்டு வைத்தால் முட்டை இருக்கும் இடம். மனதில் வைத்துக்கொண்டேன்.

டீச்சரம்மாவிடம் சொன்னதும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அன்று மத்தியானம் பிடித்த காற்று விடியும் வரை நிற்கவில்லை.

மறுநாள் வெள்ளனே போனோம். அந்த மேடு இல்லை. இல்லாத இடத்தில் இரண்டு மேடு இருந்தது. நான் கையால் தோண்டினேன். அவரும் தோண்டினார். ஈர மணல்தான் வந்தது.

"நீ சரியாகப் பார்த்தாயா?" என்றார்.

"பாத்தேம்மா."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணிக்கு பஸ்.

மீன்கூடையோடு ஒரு பொம்பளை வந்தாள். தினமும் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறவள்.

"என்ன மலைக்காரி, ரெண்டு பேரும் குனிஞ்சே திரியுறீக? தாலியத் தொலைச்சிட்டியா?" என்றவள் என் கழுத்தைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வேறு வழியில்லை. சொன்னேன். "நேத்து ஆமைத் தடம் பாத்தேங்க்கா. இப்ப எடம் தெரியல."

"தடம் எங்க?"

"நாந்தான் அழிச்சேன்."

"ஏன் அழிச்ச?"

"நீங்க தோண்டிருவீங்கன்னுதான்."

கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "தோண்டத்தான் செய்வோம். பின்ன என்ன, பூசையா பண்ணுவோம்? அடையாளம் என்ன வச்ச?"

"இங்ஙன ஒரு மேடு இருந்துச்சு."

"மேடா! ஏ புள்ள, இது என்ன உங்க மலையா, நட்ட எடத்துல நிக்கிறதுக்கு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எடுத்துக் குடுத்தா பாதி எனக்கு" என்றாள்.

நான் டீச்சரம்மாவைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பாமலே, "மீதி பாதி மண்ணிலேயே இருக்க வேண்டும்" என்றார்.

"இருந்துட்டுப் போகுது."

அவள் ஒரு குச்சியை எடுத்தாள். மேட்டைப் பார்க்கவே இல்லை. அலை ஏறி நின்ற கோட்டைப் பார்த்தாள். அதிலிருந்து மேலே நடந்து குத்திக்கொண்டே வந்தாள். டீச்சரம்மா துணிப்பை வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் குச்சி பொதுக்கென்று இறங்கியது. காலையிலிருந்து நாங்கள் மிதித்துக்கொண்டிருந்த இடம்.

முழங்கை ஆழத்தில் முட்டைகள் வெள்ளையாகக் கிடந்தன. ஓடு இல்லை, தோல் மாதிரி. டீச்சரம்மா முழங்கால் போட்டு உட்கார்ந்து ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். நோட்டை எடுக்கவில்லை. பிறகு மெதுவாகக் குழிக்குள் வைத்தார்.

மீன்காரி தன் பங்கைக் கூடையில் அடுக்கினாள். மீதியை அவளே மூடி, காலால் தட்டிச் சமன் செய்தாள். பிறகு நேற்று நான் போட்டுவிட்டுப் போன ஓலையை மணலுக்குள்ளிருந்து இழுத்து, எங்கள் மூன்று பேர் கால் தடத்தையும் பெருக்கி அழித்தாள்.

"ஊர்ல ஒருத்தருக்கும் சொல்லிறாத" என்றாள்.

நாளைக்கு வந்து மீதியை எடுப்பாளோ என்னவோ. நான் கேட்கவில்லை. டீச்சரம்மாவும் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.