அவள் பெட்டியில் என் சரங்கள்

என் மகளுக்கு இருபத்துமூன்று வயதில் முடக்குவாதம் வந்தது. காலையில் எழுந்தால் விரல் மூட்டுகள் வீங்கி இறுகிக் கிடக்கும். பத்து மணிக்கு மேல்தான் மெல்ல இளகும். மதுரையில் பார்த்த டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: “இது அடியோட போகாதும்மா. மாத்திரையைத் தவறாமப் போட்டா கட்டுக்குள்ள இருக்கும். கையைச் சும்மா வச்சிருக்க விடாதீங்க, முடிஞ்ச வேலையைச் செய்யட்டும்.” அவர் சொன்னதில் முதல் வாக்கியம் மட்டும்தான் என் காதில் விழுந்தது.

அதன் பிறகு எனக்குக் கொஞ்சம் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். அவள் டம்ளரைத் தூக்கினால் என் கை முன்னால் போகும். தலைவாரப் போனால் சீப்பைப் பிடுங்குவேன். இருக்கன்குடி கோயிலில் வெள்ளித் தகட்டில் ஒரு ஜோடி கை வாங்கி உண்டியலில் போட்டேன். கால் மூட்டும் வீங்கியதும் கால் ஒரு ஜோடி. “அடுத்த தடவை முழு ஆளையே வாங்கிப் போட்டுரும்மா, அலைச்சல் மிச்சம்” என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவளை வயிற்றில் சுமந்தபோது எதைத் தின்றேன், எதைத் தின்னாமல் விட்டேன் என்று யோசித்தே மண்டை காய்ந்தது. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு எண்ணெயோடு வந்தார்கள். “கடை வைக்கிற அளவுக்கு எண்ணெய் சேந்துபோச்சு, போதும்” என்று ஒருத்தியிடம் எரிந்து விழுந்தேன்.

அப்போது அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நாங்கள் இருவரும் சரம் பின்னினோம். சின்ன வெடிகளின் திரியை நூலோடு சேர்த்துப் பின்னி மாலையாக்கும் வேலை. ஒரு அறையில் நான்கு பேர்தான் உட்காரலாம். ஆளுக்கொரு அட்டைப்பெட்டி, அதன்மேல் அவரவர் நம்பர். பின்னிய சரத்தை அதில் போட்டால் சாயங்காலம் போர்மேன் வந்து எண்ணிக்கொண்டு போவார். நோய் வருவதற்கு முன் அந்த அறையில் என் மகளை முந்த ஆள் கிடையாது. இப்போது அவள் பெட்டியில் பாதிகூட நிறையவில்லை. தீபாவளி சீசனில் இப்படி இருந்தால் நிறுத்திவிடுவார்களே என்று எனக்குப் பதறியது. அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போகும்போதெல்லாம் என் சரத்தில் நாலைந்தை அவள் பெட்டிக்குள் போட்டேன். ஒரு மாதம் யாருக்கும் தெரியவில்லை. நான் பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

ஒரு நாள் சாயங்காலம் போர்மேன் அவள் பெட்டியைப் பார்த்துவிட்டு, “கை சொகமாயிருச்சு போலயே! நாளையிலருந்து பத்தாயிரம் வாலாவுக்கு வந்துரும்மா. ஆர்டர் கழுத்தப் பிடிக்குது” என்றார். பத்தாயிரம் வாலா நீளமான சரம். நூலை இறுக்கி இறுக்கியே நல்ல கைகூட விட்டுப்போகும். மகள் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு சரத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நான் இடக்கைக்காரி, என் பின்னல் மற்றவர்களுடையதற்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பும். அடுத்த சரத்தை எடுத்தாள். அதுவும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். “ஏம்மா இப்படிப் பண்ணுன?”

“ஒன்னைய நிறுத்திருவாகன்னு பயந்துட்டேன்.”

“நிறுத்துனா நிறுத்தட்டும். என் கை எம்புட்டுச் செய்யும்னு எனக்கே தெரியவிடாமப் பண்ணிட்டியே. இந்த மாத்திர கேக்குதுன்னு நான் சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்தேன், தெரியுமா?”

அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. பிள்ளைக்கு நல்லது செய்வதாக நினைத்து, அவள் நம்பிக்கையிலேயே கலப்படம் செய்திருக்கிறேன். இரண்டு பேரும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் அவளே போர்மேனிடம் போனாள். நான் பின்னால் திருடி மாதிரி நின்றேன். “அண்ணாச்சி, அந்தப் பெட்டியில பாதி எங்கம்மா பின்னுனது. என்னால சின்னச் சரந்தான் முடியும். காலையில வெரல் மடங்காது, பத்து மணிக்குத்தான் வருவேன். எங்கம்மாவ வேற ரூமுக்கு மாத்திருங்க. இதுக்குத் தோதுப்பட்டா வச்சுக்கோங்க.”

போர்மேன் என்னைப் பார்த்தார். “ஏக்கா, நீங்களுமா இந்த வேல பாப்பீக?” என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, சீசனில் ஆளை விட முடியுமா என்று தனக்குள் முனகியபடி அவளை இருக்கச் சொன்னார்.

என்னை எதிர் அறையில் உட்கார வைத்தார்கள். வாசல் வழியாகப் பார்த்தால் அவள் தெரிவாள். ஒரு சரம் முடித்து விரல்களை நீவிவிட்டு, அடுத்ததை எடுப்பாள். முதல் நாள் நான் மூன்று தடவை எழுந்துவிட்டேன். மூன்று தடவையும் பக்கத்தில் இருந்தவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “பதினாலு” என்றாள்.

“வலிக்குதா?”

“வலிக்காம இருக்குமா? ஆனா பதினாலும் நான் பின்னுனது.”

அவள் கையில் சாப்பாட்டுப் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதை வாங்க நீண்ட என் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன். பஸ் சாத்தூர் ரோட்டில் திரும்பியது. கொஞ்ச தூரம் போனதும் அவளாகவே பையை என் பக்கம் நீட்டினாள்.

“கை கடுக்குதும்மா. இதக் கொஞ்சம் பிடி.”