சீரியலில் நான் செத்துப்போன வாரம்

என்னை நடிகன் என்று முதலில் ஒத்துக்கொண்டவர், கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் இரும்பு ஆலையின் கேட் செக்யூரிட்டிதான். அதற்கு முன்னால் பதினோரு வருடம் சினிமாவில் கூட்டத்தோடு நின்றிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் சாப்பிட்டிருக்கிறேன், இரண்டு முறை போலீஸாக ஓடியிருக்கிறேன். போனில் படத்தை நிறுத்தி நிறுத்தித்தான் என் மனைவிக்கே என்னைக் காட்ட வேண்டும். சீரியலில் கதாநாயகிக்குச் சித்தப்பா வேடம் கிடைத்த பிறகு, செக்யூரிட்டி என் பையைச் சோதிப்பதை நிறுத்திவிட்டார். அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

சித்தப்பாவுக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்து, சண்டை முற்றும்போது எழுந்து, "அண்ணா, கொஞ்சம் பொறுமையா இருங்க" என்று சொல்ல வேண்டும். எனக்கிருந்த ஆசையும் ஒன்றே ஒன்றுதான். அந்த சோபாவிலிருந்து யாரும் என்னை எழுப்பிவிடக் கூடாது. ஒரு சீரியலில் ஒரு வருடம் தாக்குப்பிடித்தால் அடுத்ததில் அப்பா வேடத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று எங்கள் தொழிலில் சொல்வதுண்டு. எனக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. வளைகாப்பு ஒன்றுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து ஆலையில் ஷட்டவுன் வந்தது. உலையை நிறுத்திப் பழுது பார்க்கும் அந்தப் பத்து நாளில், பெற்ற அப்பன் செத்தால்தான் லீவு. அதே பத்து நாளுக்குள் தொடர்ந்து நாலு நாள் வரச் சொன்னார் சீரியல் மேனேஜர். வழக்கமாக ஷிப்ட் மாற்றிக்கொள்ளும் நண்பனும் கையை விரித்துவிட்டான். வர முடியாது என்றேன். மேனேஜர் கோபப்படவே இல்லை. நன்றாகச் சிரித்த மாதிரி ஒரு போட்டோ மட்டும் அனுப்பச் சொன்னார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. டைட்டில் பாட்டில் எல்லோர் முகமும் வருமே, அதில் என்னையும் சேர்க்கிறார்கள் என்று முடிவுகட்டி, கூட வேலை செய்பவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். நான் வேட்டி சட்டையில் சிரித்துக்கொண்டிருப்பது எங்கள் கல்யாணப் போட்டோவில் மட்டும்தான். பக்கத்தில் நின்ற மனைவியைப் போனிலேயே வெட்டிவிட்டு அனுப்பினேன். மேனேஜர் திட்டாமல் போட்டோ கேட்டால் என்ன அர்த்தம் என்று பதினோரு வருடம் குப்பை கொட்டியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

அடுத்த வாரம் அக்கம்பக்கத்தையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தோம். டைட்டில் பாட்டில் என்னைக் காணோம். கதையில் ஒரு போன் வந்தது. சித்தப்பா லாரியில் அடிபட்டுவிட்டாராம். அடுத்த காட்சியில் சுவரில் நான், ரோஜா மாலையோடு. முன்னால் விளக்கு எரிந்தது. என் தோளின் மேல் மருதாணி வைத்த மூன்று விரல்கள். வெட்டும்போது அவை என் கண்ணில் படவேயில்லை.

மனைவி டிவியை அணைத்தாள். அது என் கை என்று மட்டும் சொன்னாள். வந்தவர்கள், சாவு வீட்டிலிருந்து போவதுபோல, போய்வருகிறேன் என்று சொல்லாமலே எழுந்து போனார்கள்.

மறுநாள் செக்யூரிட்டி பையைத் திறக்கச் சொன்னார். செத்தவனுக்கு எதற்கு ஹெல்மெட் என்று ஃபோர்மேன் கேட்டார். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். அப்பா வேடம் போயே போய்விட்டது. வீட்டிலோ அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளைப் பேசவைக்க நானே போய் வாயைக் கொடுத்தேன். எங்கள் தொழிலில் இதற்குப் பரிகாரம் உண்டு, செத்தவராக நடித்தவரைக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி அதையும் படம் பிடித்துவிடுவார்கள், பூசணிக்காய் உடைப்பார்கள், தோஷம் கழிந்துவிடும் என்றேன்.

"உனுக்கு எடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

"நான்தான் அங்க இல்லியே."

"அப்ப கெளம்பு, போலாம்."

ஷட்டவுன் முடிந்த ஞாயிற்றுக்கிழமை கையில் பூசணிக்காயோடு ரயிலேறினாள். ஷூட்டிங் பங்களாவில் மேனேஜர் எங்களைக் கண்டதும் பின்வாசல் பக்கம் நழுவினார். அவள் நேராக டைரக்டரிடம் போனாள். கதையில் யாரைச் சாகடிப்பது என்பது உங்கள் இஷ்டம், ஆனால் என் கை பட்ட படத்துக்கு மாலை போட்டிருக்கிறீர்கள், சம்பிரதாயத்தை முடித்துக் கொடுங்கள் என்று நிதானமாகச் சொன்னாள். டைரக்டர் மறுபேச்சில்லாமல் லைட் போடச் சொன்னார். இந்த விஷயத்தில் சினிமாக்காரர்களுக்கு மற்றவர்களைவிடப் பயம் அதிகம்.

மாலை போட்ட படத்தின் பக்கத்தில் என்னை நிறுத்தினார்கள். கேமரா முகத்துக்கு வெகு அருகில் வந்தது. கூட யாரும் இல்லை, நான் மட்டும். சிரித்தேன். டைரக்டர் ஓகே என்றார். இது எந்த எபிசோடிலும் வரப்போவதில்லை என்று தெரியும். இதற்குப் பிறகு என்னைக் கூப்பிட யாரும் இல்லை என்றும் தெரியும். லைட்டை அணைக்கப் போனவரை நிறுத்தி, "சார், ஒன் மோர் போலாமா?" என்று கேட்டேன். டைரக்டர் தலையாட்டினார். இரண்டாவதும் ஓகே ஆனது. மூன்றாவது கேட்டேன். அதற்கும் அவர் மறுக்கவில்லை.

கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்த என் மனைவிதான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"போதும் வா மாமா. சிரிக்கச் சொன்னா அழுதுகினு கீற."