நாலாவது தேசிக்காய்

மாமாவின் கல்யாணத்தை ஒரு தேசிக்காயால், ஒரே ஒரு எலுமிச்சையால், கெடுக்கப் பார்த்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. கோபம் மட்டும் இப்போது இருக்கிற அளவுக்கே இருந்தது.

மாமா, அம்மாவின் தம்பி. அவரிடம் ஒரு பழைய பச்சைக் கார் இருந்தது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை கடலோர ரயில் பாதையில் போய் முடியும். விடியற்காலைக் குளிரில் அங்கே கார் ஒரே திருப்பில் பிடித்துக்கொள்ளும், காலிக்குப் போகும் பெருவீதியில் பஸ்களை முந்தும். மத்தியான வெயிலில் கொஞ்சம் சோரும். மாமா அதை ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

நுவரெலியாவில் அவருக்கு ஒரு பெண் பேசியிருந்தார்கள். வரச் சொன்ன முதல் தடவை மாமா பிந்திப்போனதால், பெண்ணின் தகப்பன் கடுமையாகச் சொல்லிவிட்டார்: வியாழக்கிழமை ஒன்றரைக்கு ராகுகாலம், அதற்கு முன் வாசலுக்கு வராவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாம்.

முன் சீற் எனக்கு என்று மாமா ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். புறப்படும்போது பார்த்தால் அதில் பலகாரப் பெட்டி இருந்தது.

"பின்னால வைச்சா நசிஞ்சுபோம், பிள்ளை. நீ நசியமாட்டாய்தானே!"

அம்மா, அப்பா, எல்லாரும் சிரித்தார்கள். வழியில் இடைஞ்சல் வராமலிருக்கச் சக்கரங்களுக்குக் கீழே வைக்கச் சொல்லி அம்மா நாலு தேசிக்காய் தந்திருந்தா. மூன்றை வைத்தேன். நாலாவது என் சட்டைப் பைக்குள் போனது. பலகாரப் பெட்டியே உங்களைக் காப்பாற்றட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஏறினேன்.

கம்பளை வரை கார் பறந்தது. மாமா பாட்டுப் பாடினார். மலை ஏற ஏறப் பாட்டு நின்றது. மூன்றாவது கியர் போய் இரண்டாவது வந்தது, பிறகு முதலாவது. பின்னால் கறுப்புப் புகை. றம்பொடையில் அரிசி மூட்டை ஏற்றிய லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்களை முந்தியது.

"என்னடா தம்பி, லொறியெல்லாம் போகுது?"

"பொறுங்கோ அக்கா. அது ஆறுதலா, மெல்ல மெல்ல இழுக்குது."

ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் அது ஆறுதலாக நின்றேவிட்டது. பன்னிரண்டரை. ரேடியேற்றரில் ஆவி. மாமா கலனைத் தூக்கிக்கொண்டு மலையோரப் பீலியில் கொட்டும் தண்ணீருக்கு ஓடினார். அவர் ஓடியபோது கையால் கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன். நிறுத்தியது நான்தானே!

அம்மா கந்தசஷ்டி சொல்லத் தொடங்கியிருந்தா. நான் இறங்கி, காருக்குப் பின்னால் போய்க் குந்தினேன். பையில் சூடேறிக் கிடந்த தேசிக்காயை இடது பின்சக்கரத்துக்கு அடியில் வைத்து, மன்னிப்பும் கேட்டேன்.

அதே நேரம் காரின் முன்பக்கத்தில் நடந்ததை அப்பா எனக்குச் சொன்னது பத்து வருடம் கழித்து. கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த வான் டிரைவர் ஒருவர் ஸ்பானரோடு வந்திருக்கிறார். "பயவென்ன எப்பா, மாத்தயா," பயப்பட வேண்டாம் என்று சிங்களத்தில் அப்பாவிடம் சொல்லிவிட்டு, காபரேட்டரின் அடியில் இருந்த நட்டை ஒரு சுற்றுத் திருகியிருக்கிறார். உயரத்தில் காற்று மெலிசு. மாமா கொழும்புக் காற்றுக்குப் பூட்டிய கணக்கில் பெற்றோல் வந்தால் இங்கே அது கூடிப்போகும், எரியாமல் புகையாகும். பெற்றோலைக் குறைத்தால் ஏறும், முழுப் பலம் வராவிட்டாலும் ஏறும். விசயம் இவ்வளவுதான்.

மாமா வந்தார், தண்ணீர் ஊற்றினார், திறப்பைத் திருப்பினார். பிடித்தது! தேசிக்காய் நசிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கார் வளைவு வளைவாக ஏறியது. நான் பின் சீற்றில் எழும்பி நின்று கத்தினேன். முன்னால் போன அதே லொறியை முந்தினோம். மாமா ஸ்ரியரிங்கில் தட்டினார்.

"பாத்தியளே அத்தான்? ஆற விட்டாக் காணும் எண்டு எனக்குத் தெரியும்!"

"ஓம் ஓம். உன்ர கார் உனக்குத்தானே தெரியும்," என்றார் அப்பா.

வாசலில் இறங்கும்போது மணி ஒன்று இருபது. பெண்ணின் தகப்பன் கையில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு சிரித்தார். பேச்சு முற்றாகியது.

கொழும்புக்குத் திரும்பிய பிறகு கார் படுத்தியது. வெட்டி வெட்டி இழுத்தது, சூடேறியது. மலைநாட்டுப் பெற்றோல் சரியில்லை என்று மாமா பழிபோட்டார். எனக்கோ காரணம் தெரியும்: திரும்பி வரும்போது ஒரு தேசிக்காயும் வைக்கவில்லை. ஞாயிறு விடிய, ஃப்ரிட்ஜில் இருந்த நாலு தேசிக்காயையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

பொனெட் திறந்திருந்தது. சைக்கிளுக்குக் காற்றடிக்கவும் தெரியாத அப்பா ஸ்பானரோடு குனிந்து நின்றார். என்னைக் கண்டதும் அதைச் சாரத்துக்குள் மறைத்தார். நான் தேசிக்காய்களைச் சட்டைக்குள் மறைத்தேன். மறைத்து என்ன பயன், இரண்டு உருண்டு அவர் காலடிக்கே போயின.

"மாமாவிட்டச் சொல்லிப்போடாதை."

"நீங்களும் அம்மாவிட்டச் சொல்லாதேங்கோ."

அவர் தன் நட்டைத் திருப்பித் திருகினார். நான் என் நாலையும் வைத்தேன். அன்று காலை பம்பலப்பிட்டி வரை மாமாவின் கார் எல்லா பஸ்களையும் முந்தியது, அவர் ஜன்னலால் கையை நீட்டிக்கொண்டு ஓட்டினார்.

தேசிக்காய் இருக்கும்போது இந்த அப்பா ஏன் வீணாகக் கையில் கிறீஸ் பூசிக்கொண்டு மினக்கெடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பாவம், ஒன்றும் தெரியாத மனிதர் என்று நினைத்தேன்.