நான் நேராக்கிய துளைகள்

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் காற்றில் விழுந்த ஓக் மரத்தை விறகுக்கு அறுத்துக்கொண்டிருந்தார். எங்கள் சமையலறை ஜன்னல் திறந்து கிடந்தது. பச்சை ஓக் அறுபடும்போது ஒரு புளித்த வாசம் வரும், பழஞ்சோற்றுத் தண்ணீருக்குள் வினாகிரி ஊற்றியதுபோல. என் மனைவி "என்ன, தயிர் பழுதாப் போச்சோ?" என்று குளிர்ப்பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சட்டியாக மணந்து பார்த்தாள். நான் எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து இருந்தேன். கிட்டத்தட்ட முப்பது வருடமாகிறது. இன்னும் அந்த வாசம் மூக்கில் பட்டால் எனக்குக் காதிரண்டும் சூடாகிவிடும்.

வெட்கம்தான். வேறு பெயர் வைத்து உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. கவலை என்றால் நாலு பேரிடம் சொல்லி அழலாம், நீங்களும் ஒரு தேத்தண்ணி போட்டுத் தந்து ஆறுதல் சொல்வீர்கள். இதை யாரிடம் கொண்டுபோவது?

அப்போது நான் டென்மார்க்கில் ஹொல்ஸ்டெப்ரோ என்ற ஊரில் இருந்தேன். இருபத்துநாலு வயது. நீல்ஸ் என்ற தச்சரிடம் எடுபிடி வேலை. எடுபிடி என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு ஊருக்குப் போன் எடுத்தால் "கட்டட வேலையிலை மேற்பார்வை" என்று அளந்துவிடுவேன். மேற்பார்வை என்றால் பலகை சுமப்பது, தூள் கூட்டுவது, கோப்பி போடுவது.

நீல்ஸ் பழைய முறையில் கட்டுகிறவர். ஓக் மரத்தில் இரும்பு ஆணி அடித்தால் ஈரத்துக்கு மை கொட்டினதுபோல் கறுத்துப் போகும் என்று அவர் ஆணியே தொடமாட்டார். தூணின் தலையில் நாக்குப்போல ஒரு துண்டை விட்டுச் செதுக்குவார். மேலே வரும் உத்தரத்தில் அதற்கு அளவான குழி வெட்டுவார். நாக்கைக் குழிக்குள் இறக்கி, இரண்டையும் ஊடறுத்து ஒரு மரஆணி அடிப்பார். மரத்தை மரமே பிடித்துக்கொள்ளும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நீல்ஸ் கறுத்த பாணில் ஈரல் பசை பூசிச் சாப்பிடுவார். என் பெட்டியைத் திறந்தால் மீன்குழம்பு வாசத்துக்கு மூக்கைச் சுளிப்பார். ஆனால் மரியதாஸ் அண்ணை வந்து சேர்ந்த பிறகு இரண்டு பெட்டி மீன்குழம்பு என்றாகி, நீல்ஸும் ஒரு கரண்டி கேட்டு வாங்கத் தொடங்கினார். அண்ணை மன்னார்க்காரர். அங்கே வள்ளம் கட்டின ஓடாவி, கைதேர்ந்த தச்சர். டென்மார்க்குக்கு வந்து மூன்று வருடம், டேனிஷ் வகுப்பில் சேர்ந்தது மட்டும் அப்போதுதான். மனைவி றெஜினா அக்காவும் மகளும் ஊரில். மகளுக்கு ஒரு வயது ஆகுமுன்னரே வெளிக்கிட்டு வந்தவர். நிரந்தர வேலைக்கு ஒரு கடிதம் கிடைத்தால் இரண்டு பேரையும் கூப்பிடலாம். நீல்ஸ் "மூன்று மாதம் பார்ப்போம், பிறகு நிரந்தரமாக்கலாம்" என்று சொல்லியிருந்தார். அண்ணைக்கு அந்த மூன்று மாதம்தான் எல்லாம்.

முதல் கிழமைகளில் எனக்கு ராசமரியாதை. பதினேழு வயதில் வந்து இங்கே பள்ளிக்கூடம் போனவன் என்பதால் டேனிஷ் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. நீல்ஸ் என் முகத்தைப் பார்த்து "அவரிடம் சொல்லு" என்பார். அண்ணையும் என் முகத்தைப் பார்த்து "அவரிட்டைச் சொல்லும் தம்பி" என்பார். நான் இல்லாவிட்டால் ஒரு கைமரமும் நகராது என்று எனக்கு ஒரு நினைப்பு. ஆனால் மரம் தெரிந்த இரண்டு பேருக்கு எத்தனை நாளைக்கு மொழிபெயர்ப்பாளன் வேண்டும்? ஒருவர் விரலால் கோடு கீறுவார், மற்றவர் தலையாட்டுவார். சிலவேளை இரண்டு பேருமாக எதையோ பார்த்துச் சிரிப்பார்கள். என்ன பகிடி என்று நான் கேட்டால் நீல்ஸ் "ஒன்றுமில்லை, நீ பலகையைக் கொண்டுவா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் புரட்டாதியில் ஊருக்கு வெளியே, ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியையின் வீட்டுக்கு விறாந்தைக் கூரை கட்டினோம். முன்பக்கம் நாலு ஓக் தூண், அவற்றின் மேல் நீளமான ஒரு உத்தரம், அதிலிருந்து சுவர்வரை கைமரங்கள். மரவேலை முழுவதும் வெளியே தெரிய வேண்டும், கீழே தட்டி அடித்து மறைக்கக் கூடாது என்பது அந்த அம்மாவின் ஆசை. எல்லாவற்றையும் புல்தரையில் வைத்தே வெட்டிப் பொருத்திப் பார்த்தோம். வியாழக்கிழமை நான் லொறியிலிருந்து ஓடு இறக்கிக்கொண்டிருந்தபோது நீல்ஸ் அண்ணைக்கு ஏதோ கையால் காட்டினார். அண்ணை ஒரு தீக்குச்சியை எடுத்துக் காட்டித் திருப்பிக் கேட்டார். வழக்கம்போல இரண்டு பேரும் சிரித்தார்கள். அண்ணை குந்தியிருந்து நாலு தூணின் நாக்கிலும் துளை போட்டார்.

மறுநாள் வெள்ளி. அண்ணை வகுப்புக்கென்று நேரத்தோடு போய்விட்டார். நீல்ஸும் மிச்ச ஓடு எடுக்கப் போனார். நான் தனிய. உத்தரமும் தூண்களும் புல்லில் பொருத்திக் கிடந்தன. கை சும்மா இருக்குமா? ஒரு துளைக்குள் கண்ணை வைத்துப் பார்த்தேன். உத்தரத்துத் துளையும் உள்ளே நாக்கின் துளையும் நேரே இல்லை. ஒரு தீக்குச்சித் தடிப்பு விலகி நிற்கிறது. அடுத்ததைப் பார்த்தேன், அதுவும் அப்படித்தான். நாலும் பிழை! "ஐயோ, மனுசன் கவிட்டுக் கொட்டிப்போட்டுது" என்று சுற்றுமுற்றும் பார்த்தேன்.

அந்த நாளில் எங்களுக்குள் ஒரு எழுதாத சட்டம் இருந்தது. எங்கள் ஆள் ஒருவர் பிழை விட்டால் அது வெள்ளைக்காரரின் கண்ணில் படுமுன் மற்றவர் மூடிவிட வேண்டும். ஒருவன் பிந்தி வந்தால் தமிழர் எல்லோரும் பிந்தி வருகிறவர்கள், ஒருவன் உடைத்தால் எல்லோரும் உடைக்கிறவர்கள் என்றாகிவிடும் என்ற பயம். அந்தப் பயத்தில்தான் ட்றில்லை எடுத்தேன் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. நீல்ஸ் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற மனிதர் நாலு துளையையும் கோணலாகப் போட்டிருக்கிறாரே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோசமும் இருந்தது. நாலு பொருத்திலும் ட்றில்லை நேராக விட்டு, இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் வானம் தெரிகிற மாதிரி ஆக்கினேன். தூளையும் கூட்டி அள்ளினேன். அண்ணையிடம் மூச்சு விடவில்லை. பெருந்தன்மையாம்!

சனிக்கிழமை கூரைச்சட்டம் நிமிர்த்துகிற நாள். இங்கே அதைச் சும்மா நிமிர்த்தமாட்டார்கள். றைசகில என்று ஒரு கொண்டாட்டம். இலை மாலை கட்டி மேலே தொங்கவிட்டு, கொடி ஏற்றி, அயலவரைக் கூப்பிட்டு, வேலைக்காரருக்குப் பியரும் சிவப்புச் சொசேஜும் கொடுப்பார்கள். ஆசிரியை அம்மா கேக்கும் சுட்டிருந்தார். அயலில் ஒரு இருபது பேர் வந்து புல்லில் நின்றார்கள். தூண்களை நிமிர்த்தி, உத்தரத்தை ஏற்றி நாக்குகளின் மேல் இறக்கினோம். நீல்ஸ் ஏணியில் ஏறி முதல் மரஆணியைத் துளையில் வைத்து, மரச்சுத்தியலை ஓங்கப்போனார். ஓங்கத் தேவையே இருக்கவில்லை. உழுந்து வடையின் ஓட்டைக்குள் விரல் போவதுபோல ஆணி தன்பாட்டில் உள்ளே போய்விட்டது.

நீல்ஸின் முகம் மாறியது. கீழே நின்ற என்னைப் பார்த்துச் சொன்னார்: "துளையைத் தீக்குச்சி அளவு விலக்கிப் போட வேண்டும். அப்போதுதான் ஆணி முக்கிக்கொண்டு போய், உத்தரத்தை இழுத்துத் தூணோடு இறுக்கும். நான் இவருக்குக் காட்டினேன், இவர் தலையாட்டினார். ஏன் நேராகப் போட்டார் என்று கேள்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உத்தரத்துக்கும் தூணுக்கும் நடுவே நகம் போகிற இடைவெளி எல்லோருக்கும் தெரிந்தது.

அண்ணை ஏணியில் ஏறி அடுத்த துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "தம்பி, நான் அவர் காட்டின மாதிரித்தான் துளைச்சனான். இது நீளமாப் போயிருக்கு பாரும். எனக்குப் பிறகு ஆரோ மேலாலை ட்றில் விட்டிருக்கினம். அவரிட்டைச் சொல்லும்."

இருபது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் நீல்ஸிடம் நாக்குக் கூசாமல் டேனிஷில் சொன்னேன்: "மன்னிக்கட்டாம். நீங்கள் காட்டியது தனக்கு விளங்கவில்லையாம். விளங்காமல்தான் தலையாட்டினாராம்."

நீல்ஸ் பெருமூச்சு விட்டார். அண்ணை என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு இறங்கி வந்து, உத்தரத்தைத் திரும்ப இறக்கக் கயிறு பிடித்தார். மாலை மேலே ஏறவில்லை. அயலவர்கள் சொசேஜைத் தின்றுவிட்டு மெல்லக் கலைந்து போனார்கள். திங்களும் செவ்வாயும் நாலு நாக்கின் துளைகளையும் ஓக் கட்டையால் அடைத்து, அண்ணையே மறுபடி துளை போட்டார். இந்த முறை ஆணி கிறீச்சிட்டுக்கொண்டு போய் மரத்தை இறுக்கியது. நீல்ஸ் பார்த்துவிட்டு அடுத்த ஆணியை எடுத்துக் கொடுத்தார்.

மூன்று மாதம் முடிந்த அன்று நீல்ஸ் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "இவருடைய கை நல்ல கை. ஆனால் விளங்காமல் தலையாட்டுகிற ஆளை நான் கூரையில் ஏற்ற முடியாது. ஒருநாள் யாராவது விழுந்து சாவார்கள். இதை அவருக்குச் சொல்லு" என்றார். சொன்னேன். ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சுத்தமான மொழிபெயர்ப்பு அதுதான்.

அண்ணை தன் கையிரண்டையும் பார்த்தார். "சரி. இவ்வளவு நாளும் வைச்சிருந்ததுக்கு நன்றி எண்டு சொல்லும்" என்றார். அதையும் சொன்னேன். அதே மாதம் நிரந்தர வேலைக் கடிதம் எனக்குக் கிடைத்தது.

அண்ணை ஒடென்சேக்குப் போய் ஒரு ஹோட்டலில் துப்புரவு வேலை எடுத்தார். அங்கே நிரந்தரமாக இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. நான் சில வருடங்களில் மரவேலையை விட்டு, ரண்டர்ஸுக்கு வந்து, வயோதிபர் இல்லத்தில் சேர்ந்துகொண்டேன். நத்தார் பண்டிகைக்கு அண்ணைக்கு அட்டை அனுப்புவேன். அவரும் அனுப்புவார். அதற்குமேல் எனக்குத் துணிவு வரவில்லை.

போன ஆவணியில் அந்த மகளுக்கு ஒடென்சேயில் கல்யாணம். போகாமல் விட ஆயிரம் சாட்டுத் தேடினேன், மனைவி விட்டால்தானே. மண்டப வாசலில் றெஜினா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாசை தெரியாத காலத்திலை இவருக்காகக் கதைச்ச ஆள் நீங்கள்தானே. இவர் இப்பவும் சொல்லுவார்" என்றார். பக்கத்தில் அண்ணை, தலை முழுக்க நரைத்து, கோட்டுச் சூட்டோடு. "ஓம், நல்லாக் கதைச்சவர்" என்றார். குத்திச் சொன்னாரா, மனதாரச் சொன்னாரா, அந்த முகத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் பின்கதவடியில் சோடாப் பெட்டி எடுக்கப் போனபோது பின்னால் போனேன். "அண்ணை, அந்த விறாந்தையின்ரை ஓட்டையள்... ட்றில் விட்டது நான்தான்."

"தெரியும்" என்றார்.

"எப்ப இருந்து?"

"அண்டைக்கே. வகுப்பிலை முதல் நாள் படிப்பிச்சதே 'எனக்கு விளங்கேல்லை' எண்ட வசனம்தானே. எனக்கு டேனிஷிலை அது ஒண்டுதான் வடிவாத் தெரியும். நீர் அதைத்தான் நீல்ஸுக்குச் சொன்னீர்."

"பிறகேன் அண்ணை பேசாமல் நிண்டனீங்கள்?"

"அவ்வளவு வெள்ளைக்காரர் நிக்கேக்கை, எங்கடை பொடியன் பொய் சொல்லுறான் எண்டு நான் காட்டிக் குடுக்கிறதோ?" பெட்டியை என் கையில் ஏற்றினார். "வீட்டை போய்க் கிடந்து நினைச்சனான்தான், சொல்லியிருக்கலாமெண்டு. இப்ப என்ன செய்ய? ஆனால் றெஜினாவிட்டை மட்டும் வாய் திறந்திடாதையும். அந்த ரெண்டு வருசமும் அவள் பிள்ளையோடை அகதி முகாமிலை இருந்தவள். நான் பொறுத்திட்டன், அவள் பொறுக்கமாட்டாள். வாரும், படம் போடப்போகினம்."

உள்ளே விளக்கை அணைத்து, மணமகளின் சின்ன வயதுப் படங்களைத் திரையில் போட்டார்கள். அவளே மைக்கைப் பிடித்து டேனிஷில் விளக்கம் சொன்னாள். முதல் படம் மன்னாரில் எடுத்தது. அண்ணையின் தோளில் ஒரு கைக்குழந்தை. அடுத்தது இங்கே டென்மார்க்கில், பில்லுண்ட் விமான நிலையம். முன்பல் விழுந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறாள். எதிரே கையை நீட்டிக்கொண்டு குந்தியிருக்கிறவரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவே படமே இல்லை.

"இவர்தான் என் அப்பா" என்றாள். "ஆனால் முதல் மாதம் முழுக்க நான் இவரை மாமா என்றுதான் கூப்பிட்டேன்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. றெஜினா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அண்ணையும் சிரித்தார். நாலு வயதில் வந்திருந்தாலும் மாமா என்றுதான் கூப்பிட்டிருப்பாள் என்று நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். இருக்கலாம். ஆனால் அவளுடைய நாலு வயதையும் ஐந்து வயதையும் அவர் கண்ணால் காணவில்லை. அவற்றை அவருக்கு இல்லாமல் ஆக்கிய நான் சோடாப் பெட்டியோடு கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நானும் சிரித்தேன்.